முந்திக்கொண்டு வாசித்த சங்கீதம்

அன்புள்ள அம்மாவுக்கு, டெவோனா எழுதுகிறேன். முழங்கால் வீக்கம் வற்றியதா? கனடாக் குளிர் என்னை ஒன்றும் செய்யவில்லை. நான் வேலை பார்க்கும் தக்காளிக் கண்ணாடிக் கூடாரத்துக்குள் நம் ஜமைக்கா புழுக்கம்தான்.

ஞாயிறன்று இங்குள்ள சபைக்கு முதல்முறை போனேன். பாஸ்டர் பைபிளில் சங்கீதத்தின் எண்ணைச் சொன்னதுதான் தாமதம், நம் சபை வாலிபர் கூட்டத்தின் வசனம் தேடும் பந்தயத்தில் பக்கத்தை முதலில் எடுத்தவர் வாசிப்பதுபோல, எழுந்து நின்று உரக்க வாசிக்க ஆரம்பித்துவிட்டேன். சபையே திரும்பிப் பார்த்தது. இங்கே பாஸ்டர்தான் வாசிப்பாராம். வெட்கத்தோடு உட்காரப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே, "நீயே முடிச்சிரும்மா" என்றார். ஆராதனை முடிந்ததும் ஒரு அம்மா வந்து, "எந்த ஊரு பொண்ணும்மா நீ? பேரென்ன?" என்று கேட்டு, வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனார். இங்கே வந்ததிலிருந்து என் பெயரைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

தம்பி ரொமேனை வாலிபர் கூட்டத்திலிருந்து நிறுத்தப்போவதாக எழுதியிருந்தீர்கள். "பாட்டும் கும்மாளமும் பரீட்சைக்கு மார்க் போடுமா?" என்றும் கேட்டிருந்தீர்கள். போடாதுதான். ஆனால் நாளைக்கு அவனும் தெரியாத ஊரில் தனியாகப் போய் நிற்க வேண்டியிருக்கும். நிறுத்தாதீர்கள் அம்மா.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் காய்ந்த இஞ்சி கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். வேலை வண்டி ஹாரன் அடிக்கிறது. இன்னொன்று: வெள்ளிக்கிழமை பந்தயம் தொடங்கும்போது எனக்கு ஃபோன் போட்டு, அதை அப்படியே பெஞ்சில் வைத்துவிடச் சொல்லுங்கள் ரொமேனை. யாரும் என்னோடு பேச வேண்டாம். நானும் இங்கே பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருப்பேன்.

டெவோனா