மூன்று சரவுண்டும் ஓர் ஓரகத்தியும்

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் நான்தான் முதலில் செத்தேன். பின்னாலிருந்து வந்து சுட்டிருக்கிறான். அவன் காலடி மற்ற எல்லாருக்கும் கேட்குமாம். கம்ப்யூட்டரோடு வந்த ஸ்பீக்கரில் எனக்குக் கேட்டது ஒரு இரைச்சல். அதுவும் துணி துவைக்கும் மெஷின் என்று பிறகுதான் தெரிந்தது.

காலையில் சாமி கும்பிட்டு, வரவு செலவு எழுதி, துணி காயப்போட்டு, மத்தியானம் கம்ப்யூட்டர் ஆட்டத்தில் துப்பாக்கி எடுக்கிறேன். கடவுள் என்ன நினைப்பாரோ. சுட்டதைக்கூட மன்னித்துவிடுவார். இப்படிக் குறி தவறுவதை?

என் ஜோடி என் ஓரகத்தி, இவருடைய தம்பி மனைவி. ஆறு வருடமாகப் பேச்சில்லை. பழைய வீட்டை விற்றபோது அண்ணனும் தம்பியும் முறைத்துக்கொண்டார்கள். நாங்களும் ஒப்புக்குச் சேர்ந்து முறைத்தோம். ஏன் என்று கேட்டால் இரண்டு பேருக்கும் சொல்லத் தெரியாது. அவள் மகள்தான், "பெரியம்மா, அம்மா தனியா விளையாடுறாங்க, நீங்களும் வாங்க" என்று என்னை இழுத்துவிட்டாள். பிறகு வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். இப்போது ஆட்டத்துக்குள் மட்டும் பேசிக்கொள்கிறோம். வலது பக்கம் பாருங்க அக்கா. சரி. மருந்துப் பை இருக்கா? இருக்கு. அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

அதுவும் போய்விடும் போலிருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் சொன்னாள்: "அக்கா, ஒரு பல் டாக்டரம்மா ஜோடி கேக்கறாங்க. அவங்களுக்கு எல்லாம் தெளிவா கேக்குதாம். மாசக் கடைசிப் போட்டி இருக்கில்ல, அதான் யோசிக்கிறேன்."

யோசிக்கட்டும். எனக்கென்ன.

ஜூன் 4

எனக்கென்ன என்று எழுதியவளுக்குத் தூக்கம் வரவில்லை. ஹெட்போன் வாங்கப் போகிறேன்.

ஜூன் 6, வெள்ளி

வாங்கியாயிற்று. சின்னது, காதின் மேலேயே உட்காரும் ரகம். பார்க்க லட்சணமாக இருந்தது. பெண் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தப்பைத்தான் நானும் செய்தேன். தலையில் மாட்டிய கொஞ்ச நேரத்திலேயே கம்மலை அழுத்தி, கம்மல் காதை அழுத்தி, காது என்னைத் திட்டியது. கம்மலைக் கழற்றினேன். அப்போதும் மடல் சுருண்டுகொண்டு வலித்தது.

கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது? பொழுதுபோக்கு என்று என் நோட்டில் தலைப்பே இல்லை. 'மருத்துவம் - காது' என்று எழுதினேன். பொய்யில்லை.

ஜூன் 9, திங்கள்

மாற்றிக் கொண்டுவந்தது பெரியது. காது முழுக்க உள்ளே போய்விடுகிறது. ஆனால் இடுக்கி மாதிரி பிடிக்கிறது. மூக்குக்கண்ணாடியின் காம்பு நெற்றிப்பொட்டில் பதிந்து தலைவலி. கண்ணாடியைக் கழற்றினால் எதிரி எது, மரம் எது என்று தெரியவில்லை. இன்று இரண்டு மரங்களைச் சுட்டேன். போதாததற்கு, மேல்பட்டை கொண்டையில் இடித்துக்கொண்டு நெற்றிக்கு வருகிறது. இதைச் செய்தவர் வீட்டில் கொண்டை போட்ட பெண்பிள்ளை ஒருத்தியும் இல்லை, நிச்சயம்.

இவர் எட்டிப் பார்த்து, "விமானம் எப்பக் கிளம்புது?" என்றார்.

ஜூன் 12, வியாழன்

ஹெட்போன் கடைக்காரர் இந்த முறை என்னை விடவில்லை. கண்ணாடி, கம்மல், கொண்டை எதையும் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு அப்படியே உட்காருங்கள் என்று ஒரு ஓரத்தில் நாற்காலி போட்டுவிட்டு, வேறு ஆட்களுக்கு வியாபாரம் பார்த்தார். உட்கார்ந்தேன். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் என்னையும் விலைக்கு வைத்திருக்கிறார்களோ என்று பார்த்தார்கள். நாலாவதாக ஒன்று: எடை இல்லை, மெத்தை துணியில் தைத்தது, உள்ளே காது எதையும் தொடவில்லை. தலையில் இருப்பதையே மறந்து எழுந்து வாசல்வரை போய்விட்டேன். ஒயர் இழுத்து நிறுத்தியது.

அதையே வாங்கினேன். ஏழு புள்ளி ஒன்று சரவுண்டும் இருக்கிறதாம், சுற்றி எட்டு ஸ்பீக்கர் வைத்த மாதிரி இருக்குமாம். எனக்கு இருப்பது இரண்டு காதுதானே என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பில் போட்டார்.

ஜூன் 13

ஹெட்போனோடு வந்த மென்பொருளில் சரவுண்டு இருந்தது. டிக் அடித்தேன். கம்ப்யூட்டரிலேயே ஒன்று இருந்தது. அதிலும் டிக். ஆட்டத்தின் அமைப்புக்குள் போனால் அங்கேயும் ஒன்று. விடுவேனா? சும்மா கிடைப்பதை விட்டு வந்து எனக்குப் பழக்கமில்லை. மூன்று சரவுண்டு! பல் டாக்டரிடம் ஒன்றுதான் இருக்கும்.

ஜூன் 14, சனி

கிணற்றுக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒருத்தன் நடந்தால் ஊர்வலமே வருகிறது. எல்லாப் பக்கமும் காலடி. திரும்பினேன், திரும்பினேன், திரும்பிக்கொண்டே இருந்தேன்.

"அக்கா, ஏன் நின்ன இடத்துலயே சுத்தறீங்க?"

என்ன சொல்ல? சுத்தி எட்டு ஸ்பீக்கரும்மா, அதான்.

கடைசியில் சொன்னாள், வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவோடு ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்கிறாளாம். தப்பா எடுத்துக்காதீங்க என்றாள். நான் எதுக்கு தப்பா எடுத்துக்கப் போறேன், ஆட்டம்தானே? - அப்படித்தான் சொன்னேன். மைக்கை அணைத்துவிட்டு மூக்கைச் சிந்தினேன். போனால் போகட்டும் என்று இருக்க முடியவில்லையே! இந்த அக்கா என்ற குரல் போனால் மறுபடி எந்தச் சாக்கில் கேட்பேன்?

ஜூன் 16

காதே கெட்டுவிட்டதோ என்று பயம். கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டு, இவரைச் செருப்புப் போட்டு நாற்காலியைச் சுற்றி நடக்கச் சொன்னேன். எந்தப் பக்கம் நின்றாலும் சரியாகக் கை நீட்டினேன். காது பழுதில்லை. யார் கூட விளையாடுகிறாய் என்று கேட்டார். ஒரு அம்மா கூட என்றேன். இதுவும் பொய்யில்லை.

ஜூன் 17, செவ்வாய்

சாமி முன்னால் கொஞ்சம் அழுதேன். பிறகு விளக்கப் புத்தகத்தை எடுத்து அகராதியோடு உட்கார்ந்தேன். சாமி அதைத்தான் சொல்லியிருக்கும்.

விஷயம் இதுதான். யார் எங்கே நிற்கிறான் என்று ஆட்டத்துக்குத்தான் தெரியும். அது சத்தத்தைப் பிரித்து, இடம் வைத்து, என் இரண்டு காதுக்குமாகத் தயார் செய்து அனுப்புகிறது. அதைக் கம்ப்யூட்டர் வாங்கி இன்னொரு முறை சுற்றிவிடுகிறது. அதை ஹெட்போன் வாங்கி மூன்றாம் முறை சுற்றுகிறது. துவைத்து உலர்த்தி மடித்து வைத்த துணியை எடுத்து மறுபடி சோப்பில் போட்ட கதை. போட்டவள் நான். மூன்று முறை டிக் அடித்த மகராசி.

ஆட்டத்தில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் எடுத்தேன்.

அம்மாடி. இடது பக்கம், பின்னால், மாடிப்படி. ஒருத்தன் இறங்கி வருகிறான். ஒரே ஒருத்தன்.

ஜூன் 19

அவள் சொல்வதற்கு முன் நானே திரும்பிச் சுட்டேன். மூன்று பேர். (மூவருக்காகவும் வேண்டிக்கொண்டேன்.) பிறகு, "நாளைக்கு டாக்டரம்மாவை வர வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றாள். அடுத்த சுற்றில் வேண்டுமென்றே எதிரில் போய் நின்றவள் மாதிரி செத்தேன். சந்தோஷத்தில் திரையே தெரியவில்லை.

ஜூன் 28, சனி

மாசக் கடைசிப் போட்டி. நாங்களும் இன்னொரு ஜோடியும்தான் மிச்சம். ஒரு மாடி அறையில் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். இந்த மாதிரி நேரத்தில் மூச்சுக்கூட விடக் கூடாது, அவளுக்கும் தெரியும். ஆனால் பேசினாள். ஆட்டத்துப் பேச்சில்லை.

"அக்கா, எங்க வீட்டுல இவர் ரெண்டு நாளா பக்கத்துல வந்து நிக்கறார். உங்க குரலை வெளிய ஸ்பீக்கர்ல வைக்கச் சொல்றார். இன்னைக்குக் காலையில கேட்டார்... அண்ணன் நம்பர் இன்னும் பழசுதானான்னு. நான் எதுக்குன்னு கேக்கல."

காலடி கேட்டது. வலது பக்கம். ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று. படி ஏறி, நடைக்கு வந்து, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது. இவ்வளவு துல்லியமாக எனக்கு ஒரு நாளும் கேட்டதில்லை. சொல்லியிருக்கலாம். அவள் பேச்சு பாதியில் அறுந்துவிடுமே.

"பழசுதான், மாத்தவே இல்லன்னு சொல்லு" என்று நான் முடிப்பதற்குள் இருவரும் செத்திருந்தோம்.