அதே சீட்டு

10 ஜனவரி 1958, வெள்ளி

பொன்மலை ரயில்வே பட்டறைச் சங்கு ஊதியதும் எழுந்து குடும்ப ஜெபம். ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆயிற்று. ரயில் பெட்டிகளுக்கு எண்ணும் எழுத்தும் வரைந்த உடம்பு இன்னும் அந்தச் சங்குக்குத்தான் விழிக்கிறது. ஓர் அதிகாரம் வாசித்தேன். செல்லக்கண்ணு வழக்கம்போல் ஆமென் சொல்லவில்லை. என் ஜெபத்துக்குப் பதினைந்து வருஷமாக ஆமென் சொல்லாத மனைவி. நான் பிடிவாதக்காரன் என்கிறார்கள். இவளை யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

மகள் டோரதிக்கு இருமல் சற்றுக் குறைவு. நெஞ்சு நோய்க்கு ஊசி போட்டு வருகிறாள். ஜூனில் பள்ளிக்கூட வேலைக்குத் திரும்பலாம் என்கிறார் டாக்டர்.

17 ஜனவரி

டோரதி மன்னார்புரம் ஜெபவீட்டுக்குப் போகிறாளாம். என்னை வெளியே நிறுத்திய இடத்துக்கு!

அங்கே ஊழியம் செய்கிற பிலோமின்ராஜ், விசுவாசிக்கு நோய் வராது என்று பிரசங்கம் செய்தான். அப்போஸ்தலனுக்கே நோவு தீரவில்லையே என்று எழுந்து கேட்டேன். மூன்று ஞாயிறு கேட்டேன். நான்காம் ஞாயிறு எனக்கு உட்காரப் பாய் இல்லை. நான் ஆறாம் வகுப்பு. வேதத்தைத் தானாகப் படித்தவன். அதனால் நான் சொன்னது பொய்யாகிவிடுமா?

டப்பாவுக்குள் கை விட்டு, வேதவசனம் ஒன்று எழுதிய வாக்குத்தத்தச் சீட்டு எடுப்பது புது வருஷத்தில் எல்லாச் சபையிலும் உள்ளதுதான். இவர்கள் வெள்ளிதோறும் எடுக்கிறார்கள். கல்யாணத்துக்கு, வேலைக்கு, வியாதிக்கு. வாசித்துவிட்டு டப்பாவிலேயே போட்டுவிட வேண்டுமாம். டோரதிக்கு, சாவில்லை, பிழைப்பாய் என்கிற வாக்கு வந்ததாம்.

24 ஜனவரி

மறுபடியும் அதே சீட்டு.

31 ஜனவரி

மூன்றாம் முறை. இருநூறு சீட்டுக்குள் கை விட்டால் அதே ஒன்று. சொல்லும்போது அவள் கண் பளபளத்தது. எனக்கு முதுகில் ஈரத்துணி பட்டதுபோல் இருந்தது.

"எழுத்து அச்சு மாதிரி இருக்குப்பா. யார் எழுதினதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. தேவதூதன் எழுதினதா இருக்கும்ங்கறார் பிலோமின்ராஜ் அண்ணன்."

சிரித்தேன். சத்தம் என்னுடையதாக இல்லை.

4 பிப்ரவரி, செவ்வாய்

ஊசியை நிறுத்திவிட்டாள். இரண்டு வாரமாக ஆஸ்பத்திரி பஸ் ஏறுவதாகச் சொல்லிவிட்டு ஜெபவீட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

எடுத்துச் சொன்னேன். அது ஒரு மனிதன் தன் ஆபத்து நீங்கியபோது பாடிய பாட்டின் ஒரு வரி. முன்னும் பின்னும் வெட்டி எடுத்து, கை விட்டவனுக்கெல்லாம் கொடுப்பது உபதேசம் அல்ல, குறி. வைத்தியனும் கடவுள் தந்தவனே. எல்லாம் சொன்னேன்.

"நீங்க சொல்றது எப்பவும் சரியாத்தாம்ப்பா இருக்கு. அதனாலதான் கேக்கவே பிடிக்கல."

5 பிப்ரவரி

கைக்குட்டையில் ரத்தம். ஒளித்து வைத்திருந்தாள்.

7 பிப்ரவரி, வெள்ளி

போனேன். பகல் மூன்று மணி. முப்பது பேர் இருப்பார்கள். டோரதி முன் பாயில். யாரும் வா என்று சொல்லவில்லை. காற்றில்லாத அறை, ஆனால் டப்பா அருகே போனபோது டர்பன்டைன் வாசனை. நான் வேலை செய்த காலத்தில் என் சட்டையில் அடித்த வாசனை.

"தர்மராஜ் ஐயா, டப்பாவைத் தொடாதீங்க" என்றான் பிலோமின்ராஜ். கையை விட்டேன். வந்தது அதே சீட்டு.

என் எழுத்து.

டப்பாவைப் பாயில் கவிழ்த்தேன். எல்லாம் என் எழுத்து. 1943. சண்டைக் காலம், அச்சடித்த சீட்டு கிடைக்கவில்லை. பாலக்கரைச் சபைக்கு நான்தான் இருநூறு எழுதிக் கொடுத்தேன். பழையதென்று இங்கே தள்ளிவிட்டிருக்கிறார்கள். அப்போது எங்கள் மகன் சாமுவேலுக்கு நாலு வயது, தொண்டை அடைப்பான். செல்லக்கண்ணு கையில் நல்ல வாக்கு வர வேண்டுமென்று அந்த ஒரு வசனத்தைப் பத்துச் சீட்டில் எழுதினேன். அவளுக்கு அது வந்தது. நம்பினாள். நானும், நானே எழுதியதை, நம்பினேன். டாக்டரை அழைக்க இரண்டு நாள் தாமதம். அந்தச் சீட்டைக் குழந்தையின் கையில் வைத்துப் புதைத்தாள்.

ஆகவே டப்பாவில் ஒன்பது இருக்க வேண்டும்.

பொறுக்கினேன். பத்து. திரும்ப எண்ணினேன். பத்து. ஒன்றின் ஓரத்தில் செம்மண்.

எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். பிலோமின்ராஜ் அந்தச் சீட்டைத் தூக்கிப் பிடித்து, "பாருங்க, குழியிலேருந்தே வாக்கு எழும்பி வந்திருக்கு" என்றான். சிலர் அழ ஆரம்பித்தார்கள்.

நான் அதை வாங்கிக்கொண்டேன். "அது எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரியாததை உபதேசம் ஆக்கமாட்டேன். தெரிஞ்சது ஒண்ணுதான். எழுதினது தேவதூதன் இல்ல, நான்."

டோரதி கேட்டாள்: "அப்ப எனக்குன்னு வரலையாப்பா?"

"இல்லம்மா. உன் தம்பிக்காக நான் பண்ணின திருட்டு அது."

பத்தையும் எடுத்துக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை. வீடு வரை அவள் என் பின்னால் நடந்தாள்.

8 பிப்ரவரி

செல்லக்கண்ணுவிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை.

"தெரியும். அடுத்த வருஷமும் எனக்கு அதே சீட்டு வந்துச்சு. அப்பவே தெரியும். ஒருநாள் நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

செம்மண் சீட்டைக் காட்டினேன். முறத்தை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஊரான் உபதேசத்தில் ஓட்டை தேடியே பதினைந்து வருஷம் போயிற்று. வசனத்தை வெட்டியவன் நான். முதலில் வெட்டியவன்.

9 பிப்ரவரி, ஞாயிறு

கல்லறைக்குப் போய்ப் பார்த்தேன். மண் இறுகிக் கிடக்கிறது. அருகம்புல் வேரோடியிருக்கிறது. யாரும் தோண்டவில்லை.

10 பிப்ரவரி

காலையில் டோரதி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "ஆஸ்பத்திரிக்கு. கூட வரீங்களாப்பா?"

பஸ்ஸில் நான் வேதவசனம் எதுவும் சொல்லவில்லை.

11 பிப்ரவரி

ஒன்பது சீட்டை அடுப்பில் போட்டேன். பத்தாவதைப் போடக் கை வரவில்லை.

1 ஜனவரி 1959

டோரதி ஜூனில் போகவில்லை. ஊசியை விட்ட நாட்களுக்கு விலை அது. ஆனால் நாளை பள்ளிக்கூடம் திறக்கும்போது போகிறாள். இன்று ஸ்ரீரங்கம் வரை போய்த் தோழியைப் பார்த்துவிட்டு, பாலத்தில் பாதித் தூரம் நடந்தே வந்தேன் என்றாள். இருமவில்லை.

பிலோமின்ராஜ் அச்சடித்த சீட்டு வாங்கிவிட்டானாம். பாய் இன்னும் எனக்கு இல்லை. கேட்பதை நானும் விடவில்லை.

நம் வீட்டில் சீட்டு எடுக்கவில்லை. அந்த வசனம் உள்ள பாட்டைப் பதினாறு வருஷத்துக்குப் பிறகு திறந்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரை வாசித்தேன். தண்டிக்கப்பட்டதைச் சொல்லும் வரியையும் விடவில்லை.

பத்தாவது சீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதன் செம்மண் ஓரம் இன்னும் காயவில்லை. அதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன்.

ஜெபம் செய்தேன். சாமுவேலின் பெயரைச் சொன்னேன். முடித்தேன். பிறகு, எனக்குப் பின்னால், மெதுவாக, செல்லக்கண்ணு ஆமென் என்றாள்.