வயிறு நிறையப் போட்ட சோறு

திருவொற்றியூர்குப்பம்

அன்பு மகள் கீர்த்திக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க கங்கையம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கேயும் சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை கண்ணு. போனில் பேசினால் உன் அண்ணன் காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

நைனாவுக்கு ஈரல் கொடுக்க அண்ணன் ரவி முன்வந்ததும், உன் ஈரலிலேயே கொழுப்பு இருக்கிறது, உடம்பைக் குறைத்துவிட்டு வா என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவனைத் திருப்பி அனுப்பியதும் உனக்குத் தெரியும். அன்றைக்கே தண்ணீரை மட்டும் குடித்துக் கிடக்கிறேன் என்றான். பட்டினி கிடந்தால் ஈரல் இன்னும் கெடும், வயிறு நிறையச் சாப்பிடட்டும், எண்ணெயையும் மைதாவையும் நிறுத்துங்கள் என்று அந்த அம்மா என்னிடம்தான் சொன்னார். மீன்பிடி லாஞ்சில் எஞ்சின் வேலை முடிந்தால் பரோட்டா கடையில் நிற்கிற பிள்ளை அதோடு அந்தப் பக்கம் போகவில்லை. காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் பாதித் தட்டுக்கு முருங்கைக்கீரையும் அவரைக்காயும், கொஞ்சம் சோறு, சங்கரா மீனை வறுக்காமல் குழம்பாக வைப்பேன், ராத்திரிக்கு நெத்திலியை மசாலா தடவி வாழையிலையில் சுற்றி வேகவைப்பேன். பசிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை, பேண்ட் மட்டும் இடுப்பில் நிற்காமல் போனது. நைனா படுத்தபடியே பார்த்து, இன்னா புஷ்பா, எனுக்கு ஈரலு குடுக்க சொன்னா இவன் புது மாப்ள கணக்கா ஆயிகினு கீறான் என்று சிரிப்பார்.

ரவியின் கடைசி ஸ்கேன் முடிவு வருவதற்குள் நைனா ரத்த வாந்தி எடுத்தார். பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்க மாட்டார் என்று பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், அங்கேயே போய்விட்டார். உனக்குச் சொல்லாதது இனிமேல்தான். காரியம் முடிந்த மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ரவிக்குப் போன். கடைசி ஸ்கேனில் கொழுப்பு குறைந்துவிட்டது, நீங்கள் ஈரல் கொடுக்கலாம், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று ஒரு பெண் சந்தோஷமாகச் சொன்னாளாம். அவர் செத்த சேதி அவளுக்கு எப்படித் தெரியும். சரிங்க மேடம், வரோம் என்று சொல்லி வைத்துவிட்டான்.

அன்றிலிருந்து அவன் சோற்றில் கை வைக்கவில்லை. டீயும் பீடியுமாகக் கிடக்கிறான், கன்னம் ஒட்டிவிட்டது. நான் தட்டோடு போய் நின்றால், நீ ஏம்மா எனுக்கு வயிறு நெறைய போட்டே, பட்டினியா வுட்டுருந்தா அப்பவே எளைச்சிருப்பேன், நைனா இருந்துருப்பாரு என்று கேட்டுவிட்டான். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன், காதில் வாங்கவில்லை. நேற்று நானும் சாப்பிடாமல் எதிரில் உட்கார்ந்துவிட்டேன். நீ துன்னும்மா என்றான். நீ துன்னு, அப்பால நா துன்றேன் என்றேன். கீரையைப் பிசைந்து ஒரு வாய் வைத்தான், முழுங்க முடியாமல் அழுதான். மீசை வைத்த பிள்ளைக்கு மீதியை நான்தான் ஊட்டினேன், பாதிக்கு மேல் இறங்கவில்லை.

பிள்ளை பிறந்தபின் உடம்பு போட்டுவிட்டாய் என்று யாராவது சொன்னால் நீயும் பட்டினியில் இறங்காதே. கீரையும் மீனும் பருப்புமாக வயிறாரச் சாப்பிடு, குறைகிறது மெதுவாகக் குறையட்டும். கங்கையம்மன் உனக்குச் சுகப்பிரசவம் கொடுப்பாள், தாயும் பிள்ளையும் தழைத்திருங்கள்.

மறக்காமல் அண்ணனுக்குப் போன் போடு. அவன் ஈரல் தேறியதே அந்தச் சாப்பாட்டால்தான், பட்டினி கிடந்திருந்தாலும் நைனாவைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று எடுத்துச் சொல், நீ சொன்னால் நம்புவான். சொல்லும்போது ஸ்பீக்கரில் போடச் சொல் கண்ணு, நானும் கேட்கவேண்டும்.

உன் அம்மா,
புஷ்பவல்லி