கேட்காதவள் கொடுத்த விலை

மார்ச் 3, செவ்வாய்

ஷோரூம் வாசலில் முதலாளி இன்று ஒரு பலகை மாட்டினார். ‘ஒரே விலை. பேரம் இல்லை.’ பதினோரு வருடமாகப் பழைய கார் விற்கிறேன், எல்லாம் பேசிப் பேசி விற்றதுதான். வருகிறவர் அடிமாட்டு விலைக்குக் கேட்பார். நான் சிரிப்பேன். அவர் வாசல்வரை போவார், நான் கூப்பிட்டு உட்கார வைப்பேன். விட்டுப் பிடிப்பதுதான் என் தொழிலே. இனி கார் கதவைத் திறந்து காட்ட ஒரு ஆள், அவ்வளவுதானா நான்?

முதலாளியிடமே கேட்டுவிட்டேன். “பேசத் தெரிஞ்சவனுக்கு ஒரு விலை, தெரியாதவனுக்கு ஒரு விலை. அது இனிமே வேண்டாம்மா” என்றார். பதினோரு வருடமாக வேண்டியிருந்ததே?

மார்ச் 4, புதன்

இரண்டு பேர் பலகையைப் படித்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள். மூன்றாவது ஆள், “போர்டு கிடக்கட்டும், எனக்கு எவ்வளவு?” என்றார். எனக்கு நாக்கு நமநமத்தது.

மார்ச் 6, வெள்ளி

ஒரே விலை என்றால் எந்த விலை? அதைக் கண்டுபிடிக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார். நாங்கள் சொன்ன விலை என்ன, கடைசியில் படிந்த விலை என்ன என்று பழைய ஃபைல்களைப் பிரித்து எழுத வேண்டும்.

ஒரே மாடல் சின்னக் காரில் மட்டும் இருபத்துமூன்று விற்றிருக்கிறோம். இருபத்திரண்டு பேருக்குக் குறைத்திருக்கிறேன். ஒருவருக்கு ஒரு காசு குறைக்கவில்லை. பெயரைப் படிக்கும் முன்பே கையெழுத்து தெரிந்துவிட்டது. என் தங்கை.

நான்கு வருடம் ஆகிறது. புது வேலைக்குப் போக வர கார் வேண்டும் என்று தனியாக வந்தாள். நான் விலை சொன்னேன். “சரிக்கா” என்றாள். அதற்கு முந்தின நாள்தான் அதே மாதிரி காரை ஒரு கட்டட கான்ட்ராக்டருக்குப் பத்தில் ஒரு பங்கு குறைத்துக் கொடுத்திருக்கிறேன். ஏன்? அவர் மேஜையைத் தட்டினார்.

ஏமாற்றினேனா? விலை கண்ணாடியிலேயே ஒட்டியிருந்தது. அவள் கேட்கவில்லை, நான் குறைக்கவில்லை. இதில் தப்பு எங்கே இருக்கிறது? அந்த மாதம் எனக்கு வியாபாரம் மந்தம் என்பதும் இப்போது பார்த்து ஞாபகம் வருகிறது. வராமல் இருந்திருக்கலாம்.

மார்ச் 9, திங்கள்

தங்கை போன் செய்தாள். இரண்டாவது குழந்தை வந்த பிறகு அந்தக் காரில் இடம் போதவில்லையாம். “உங்க ஷோரூம்லயே பெருசா ஒண்ணு பார்த்துக்கறேன்க்கா. சனிக்கிழமை வரேன்.”

சொல்வதா, வேண்டாமா? சொன்னால் இத்தனை நாள் இருந்த மரியாதை போச்சு. சொல்லாமல் எப்படி அவள் முகத்தைப் பார்ப்பது? தெரியாமலே இருந்தால் அவளுக்கு என்ன நஷ்டம் என்றும் தோன்றுகிறது. அய்யோ, இதுவும் வியாபாரப் பேச்சுதானே? மண்டை காய்கிறது.

மார்ச் 12, வியாழன்

“சொந்தத் தங்கச்சிக்கு மட்டும்...” என்று முதலாளியிடம் இழுத்துப் பார்த்தேன். “உன் தங்கச்சிக்குக் குறைச்சா என் மச்சான் நாளைக்கே வந்து நிப்பான்” என்றார்.

மார்ச் 14, சனி

வந்தாள், சின்னக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. நீலக் கார் பிடித்துவிட்டது. உள்ளே உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தாள். நான் பக்கத்து சீட்டில். சொல்லிவிட்டேன். “அந்தக் காருக்கு உன்கிட்ட நான் அதிகமா வாங்கிட்டேன்டி.”

“தெரியும்க்கா.”

“எப்போ தெரியும்?”

“வாங்கும்போதே. பழைய கார்ல விலை குறையும்னு யாருக்குத்தான் தெரியாது? நீயா சொல்லுவேன்னு உட்கார்ந்திருந்தேன்.”

“வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“உன்கிட்டயா?”

அப்புறம் ஏன் மறுபடி இங்கேயே வந்தாய் என்று கேட்டேன். வாசல் பலகையைக் காட்டினாள். “இனிமே உன் முகத்தையே பார்த்துட்டு உட்கார வேண்டாம் பாரு.”

சத்தம் போடவில்லை. குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். கோபப்பட்டிருந்தால் பேசிச் சரிக்கட்டியிருப்பேன், அது எனக்குத் தெரியும். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அழுகை வருகிறது.

மார்ச் 15, ஞாயிறு

எங்கும் போகவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

பத்தே நிமிடத்தில் முடிந்தது. பலகையில் சொன்னபடி ஒரே விலை. அவள் கையெழுத்துப் போட்டதும் என் பையிலிருந்து கவரை எடுத்து மேஜையில் வைத்தேன். அன்றைக்கு அவளிடம் அதிகமாக வாங்கியது முழுதும் அதில் இருந்தது.

“வேண்டாம்க்கா” என்றாள்.

“பாதியாவது வாங்கிக்கோடி.”

“வேண்டாம்.”

கால்வாசிக்கு இறங்கினேன். குழந்தைகள் பேரைச் சொல்லிப் பார்த்தேன். அவள் பேனாவை மூடி என் பக்கம் வைத்துவிட்டு, சாவிக்குக் கையை நீட்டினாள். கொடுத்தேன்.