சயோவின் சாவுக்கு நான் பேசிய பேச்சு

அன்பு மகள் கனாயேவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் கடையும் ஏதோ இருக்கிறோம். நீ ஹாலிஃபாக்ஸில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு அடக்கமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். நம்பி என்று ஏன் சொல்கிறேன் என்றால், வசந்த காலத்திலிருந்து நீ போனை எடுக்கவில்லை, புத்தாண்டுக்கு வந்த அட்டையிலும் ஒரே வரிதான். இதற்கெல்லாம் பதறுகிற ஆள் நான் இல்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நம் கடையில் ஒரு சாவுச் சடங்கு நடந்தது, அதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை. யார் என்று பயந்துவிடாதே. சயோ.

நீ போன மறு வருஷம் டோக்கியோவிலிருந்து கார்ட்டூன் தொடர் எடுக்கிறவர்கள் வந்து கடையைப் போட்டோ பிடித்துப் போனார்கள் என்று எழுதியிருந்தேனே, அந்தத் தொடரில் நம் கருவாட்டுக் கடைப் பெண்ணாக வருகிறவள்தான் சயோ. துறைமுகத் தெருவில் பாதி ஷட்டர் இறங்கிய பிறகும் நம் கடை நின்றது அவளால்தான், அதை மறைத்துப் பேசமாட்டேன். ஊர் ஊராக ரசிகர்கள் வந்தார்கள். அவள் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கிவந்து என் கையில் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். உள்ளே நுழையும்போதே "வந்துட்டேன்ப்பா" என்பார்கள், நானும் "வாப்பா, வாம்மா" என்பேன். முதலில் வியாபாரத்துக்குச் சொன்னதுதான், போகப் போக வாய் தானாகச் சொன்னது. வாசலில் ஆளுயர அட்டைச் சயோ நிற்பாள், மழை வந்தால் அம்மாதான் "நனைஞ்சு தொலையாதடி" என்று திட்டிக்கொண்டே உள்ளே தூக்கி வைப்பாள். இவ்வளவுக்கும் அந்தத் தொடரில் ஒரு பாகம்கூட நான் முழுசாகப் பார்த்ததில்லை. நடு ராத்திரியில் போடுகிறார்கள், விடியும் முன்னே மீன் ஏலத்துக்கு ஓடுகிறவன் எங்கே பார்ப்பது.

கடைசிப் பாகத்தில் அவளைக் கடல் கொண்டுபோய்விட்டது. மறுநாளே மத்சுனாகா வந்து நின்றான். சைதாமாவில் லாரி ஓட்டுகிறவன், தலை நரைத்த ஆள், மாதம் தவறாமல் வருவான். அன்றைக்கு "வந்துட்டேன்" சொல்லவில்லை. தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டே, "அப்பா, சயோவ அப்படியே விட மனசு வரல. அவ வீட்டுலயே வச்சு முறையா அனுப்பணும். பெத்தவர் இடத்துல நீங்கதான் உக்காரணும்" என்றான். சிரித்துத் தள்ளிவிடலாம் என்று பார்த்தேன், அவன் முகம் விடவில்லை. மடத்துத் துறவியைக் கேட்டால், "போன வருஷம் ரிப்பேரான ரோபோ நாயெல்லாம் வரிசையா வச்சு ஓதினேன் இவாசே சார், இதுக்கு ஓதறதுல எனக்கென்ன" என்கிறார். கடைத்தெருச் சங்கத்துக்கு ஒரே குஷி, விடுதிகள் நிறையுமே என்று. அம்மா மட்டும் ஒப்பவில்லை. "இந்தக் கடைப் பொண்ணுன்னு சொல்லி இந்த வாசல்ல எழவு வைக்கிறீங்க. இந்தக் கடைக்கு இருக்கிறது ஒரே பொண்ணு, அது உசிரோட இருக்கு. கெட்டதக் கையத் தட்டிக் கூப்பிடறீங்களே, என்ன மனுஷன் நீங்க" என்றாள். உன் சின்ன வயசு மஞ்சள் ரப்பர் பூட்ஸைக் கொட்டகையில் பார்த்துத்தான் சயோவுக்கும் அதே மாதிரி வரைந்திருந்தார்கள், சவப்பெட்டிக்குள் வைக்க அதைத் தர முடியுமா என்று கேட்டு ஆள் வந்தது. அம்மா அதை எடுத்துப்போய்ப் படுக்கைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே படுத்தாள். நான் வியாபாரி, ஊர்க்காரன் வயிற்றையும் பார்க்க வேண்டும், சரி என்று சொல்லிவிட்டேன்.

எல்லோரும் கறுப்புக் கோட்டில் வந்தார்கள். சயோ படத்துக்குக் கறுப்பு ரிப்பன், முன்னால் ஊதுவத்தி, மீன் காயப்போடுகிற முற்றம் முழுக்க அழுகை. ஓதி முடிந்ததும் பெற்றவன் எழுந்து நாலு வார்த்தை பேச வேண்டுமே, அதை நான் யோசிக்கவே இல்லை. எழுந்துவிட்டேன், சொல்ல ஒன்றும் இல்லை. அவள் முகம் போட்ட துண்டு விற்றிருக்கிறேன், சாவிக்கொத்து விற்றிருக்கிறேன், அவளுக்கு என்ன பிடிக்கும் என்று யாரையும் கேட்டதில்லை. எல்லாக் கண்ணும் என் மேல். அதனால் சயோவுக்குப் பதில் உன்னைச் சொன்னேன். காயும் மீனுக்குப் பருந்து வராமல் விசிறியோடு காவல் உட்கார்ந்திருப்பாயே, தினமும் வருகிற ஒற்றைக்கால் பருந்துக்குக் கடன்காரன் என்று பேர் வைத்து, எனக்குத் தெரியாமல் நல்ல மீனாகவே அதற்குப் போடுவாயே, அதைச் சொன்னேன். வால் உடைந்த கருவாட்டை "இது வெக்கப்படற மீனு, யாரும் உத்துப் பாக்காதீங்க" என்று சொல்லி விற்றதைச் சொன்னேன். மத்சுனாகா குலுங்கிக் குலுங்கி அழுதான். பேச்சு நன்றாகத்தான் போனது. ரயிலடியில் நீ பெட்டியைத் தூக்கவிடாமல் என் கையைத் தட்டிவிட்ட நாள் வரை வந்தேன், அங்கே நின்றுவிட்டேன். துக்கம் தொண்டையை அடைத்தது என்று அவர்கள் நினைத்தார்கள். அதில்லை, மகளே. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நீ எப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறாய், எதற்குச் சிரிக்கிறாய், காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி வைக்கிறார்கள், ஒன்றுமே தெரியவில்லை. உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, இருந்தாள், செய்தாள், போனாள் என்றே பேசி முடித்திருக்கிறேன்.

கூட்டம் கலைந்து பின்வாசலுக்கு வந்தேன். சாவுக்குப் போய் வந்தவன் மேல் ஒரு சிட்டிகை உப்புத் தூவுவதுதானே வழக்கம், அம்மா மீனுக்கு வைத்திருந்த கல் உப்பை இரண்டு கையாலும் அள்ளி மூஞ்சியிலேயே போட்டாள். கதவுக்குப் பின்னாலிருந்து எல்லாம் கேட்டிருக்கிறாள். "பேசறதுக்கு எம் பொண்ணுதான் கெடைச்சாளா? தூக்கிக் குடுத்துட்டு வந்துட்டீங்களே" என்றாள். மத்சுனாகா கிளம்பும்போது எப்போதும் "போயிட்டு வரேன்ப்பா" என்பான். அன்றைக்கு, "ரொம்ப நன்றிங்க" என்று குனிந்து வணங்கிவிட்டுப் போனான். இந்த வாரம் கதவு திறக்கிற சத்தமே இல்லை. கடை எத்தனை நாள் ஓடுமோ, அது என் பாடு, நீ அதை நினைத்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

கருவாடு தனிப் பார்சலில் வருகிறது. சுடும்போது ஜன்னலைத் திறந்து வை, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகாதே. பெரிய விஷயம் எதுவும் நீ எழுத வேண்டாம், இன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் எழுது, ரயிலடிக்கு மேல் ஒன்றாவது எனக்குத் தெரிந்திருக்கட்டும். அம்மாவுக்கு அதுகூட வேண்டாம், போனில் உன் குரல் கேட்டால் போதும். பூட்ஸைப் படுக்கைக்கு அடியிலிருந்து எடுத்து வாசற்படியில் வைத்திருக்கிறாள், முனை வீட்டுக்குள் பார்க்க, இப்போதுதான் யாரோ கழற்றிவிட்டு உள்ளே ஓடினது போல. நான் அதைத் தாண்டித்தான் கடைக்குப் போய் வருகிறேன்.

நீ நூறு வயது நன்றாக இரு. போன் செய்ய மறக்காதே.

இப்படிக்கு உன்னைப் பெற்ற அப்பா,
இவாசே குனியோ