பேச்சிப்பாறைக் கரையில் எங்கள் குடில்

செசிலியின் அப்பாவுக்கு அன்புடன்,

கொழும்பிலிருந்து உங்கள் கடிதங்கள் நின்றபின் குளச்சலை விட்டு வந்தோம். பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்தின் கரையில் நானும் மகளும் ஓலைக்குடில் கட்டி, மீன் பிடித்துக் கருவாடு போடுகிறோம்.

“மைனி, காட்டில பொம்பளையளால கிடக்க முடியாது” என்றார் உங்கள் தம்பி.

நேற்று அந்தியில் யானை ஒன்று குடில்வரை வந்துவிட்டது. நான் குடில் வாசலிலேயே நின்றுவிட்டேன். செசிலி அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டையை உருவி முன்னால் நின்று, “போலே அங்க” என்று அதட்டினாள். உங்கள் குரலேதான். யானை சற்று நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிக் காட்டுக்குள் போயிற்று.

“பயந்தியா மக்கா?” என்று கேட்டேன்.

“நீ பின்னால நின்னியே அம்மா” என்றாள்.

அந்தச் சொல்லோடு இன்று தலைநிமிர்ந்து வலை வீசினேன். வருவதானால் இங்கே வாருங்கள். குளச்சல் வீட்டைப் பூட்டிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் தாய்