இன்னும் ஒரு வாளி

மார்ச் 4

புத்தகம் போடுகிற தம்பிக்கு அக்கா எழுதுவது. நானும் மகளும் ஏதோ இருக்கிறோம். என் வீட்டுக்காரர் புத்தகத்துக்கு நீங்கள் அனுப்பிய அச்சுத்தாள் வந்தது. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கவும் எழுதவும் வரும். மகள் வாசித்தாள், கேட்டேன். குழி இருக்கிறது, மேஸ்திரி வைத வசவு இருக்கிறது. வாளியைக் காணோம்.

சாக்கடை வேலை முடிந்து வந்தால் குளித்துவிட்டுக் கழுத்தைக் காட்டிக்கொண்டு நிற்பார். நான் மோந்து பார்த்து, "இன்னும் ஒரு வாளி" என்பேன். மூன்றாவது வாளிக்குத்தான் பாஸ். கூட வேலை செய்கிறவர்கள், "என்ன மூணு வாளி, நேத்து பாஸா ஃபெயிலா?" என்று ஓட்டுவார்கள். அதை நோட்டில் எழுதி எனக்கு வாசித்துக் காட்டினாரே. தாள் எங்காவது விழுந்துவிட்டதா?

மூணு வாளியின் வீட்டுக்காரி


மார்ச் 11

அன்புள்ள அக்கா,

தாள் விழவில்லை. நான்தான் எடுத்தேன். குழியில் இறங்கி உயிரை விட்டவர் எழுதிய புத்தகம். கோபம் வர வேண்டிய இடத்தில் வாசிக்கிறவர் சிரித்துவிடுவாரோ என்று பயம். நானும் உங்கள் தெருவில் பிறந்தவன். தலித் எழுத்தில் அழகு எங்கே என்று கேட்பார்கள். அழகை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு உண்மை போதும் என்று இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன்.

அடுத்த வாரம் அச்சு. சரியென்று ஒரு வரி எழுதுங்கள்.

தம்பி


மார்ச் 14

தம்பி,

சரியென்று எழுதக் கை வரவில்லை. கோபம் எனக்கில்லையா? மேஸ்திரி நம் தெருவில்தான் ஆள் கேட்டு வருவார், வேறு தெருவில் கேட்டதே இல்லை. அதையும் போடுங்கள். ஆனால் உங்கள் புத்தகத்தில் செத்தவர்தான் இருக்கிறார், என் வீட்டுக்காரரைக் காணோம். வாளியும் உண்மைதானே?

அவருக்கே தெரியாத ஒன்று சொல்கிறேன். பல நாள் முதல் வாளியிலேயே சோப்பு வாசம்தான் வரும். இன்னும் கொஞ்ச நேரம் ஈரத்தோடு நிற்கட்டுமே என்று ஃபெயில் போடுவேன்.

குழியிலிருந்து தூக்கி வந்த அன்று எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார்கள். நான் அவர் கழுத்தில் முகம் வைத்தேன். "பாஸ்" என்று காதில் சொன்னேன்.

வாளி இல்லாமல் புத்தகம் வேண்டாம். நோட்டைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அக்கா


மார்ச் 20

அக்கா,

வாளியை அவர் வைத்த இடத்திலேயே வைத்து அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். பிழை பார்க்கிறவர் அந்தப் பக்கத்தில் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்துக் குழி வந்ததும் தாளைக் கவிழ்த்துவிட்டு எழுந்து வெளியே போனார். வெகு நேரம் திரும்பி வரவில்லை.

உங்கள் கடிதத்தையும் சேர்க்க ஆசை வந்தது. சேர்க்கவில்லை. நோட்டுக்குள் வைத்து அனுப்புகிறேன். அது உங்கள் இரண்டு பேருடையது.

தம்பி